மிதக்கும் பூமி – 11: ஆயிரம் மீட்டர் பாய்

சென்ற வாரம் ஒகினாவாவில் நின்றோம். 1975 கடல் கண்காட்சிக்காகக் கட்டடக் கலைஞர் கிகுடாகே கியோனோரி வடிவமைத்த அக்வாபொலிஸ், நூற்றுக்கு நூறு மீட்டர் சதுரமாக, தடித்த தூண்களின் மேல் நின்றபடி மிதந்தது. கண்காட்சி முடிந்தது, கூட்டம் கலைந்தது. மனிதன் கடலில் குடியேறப் போகிறான் என்ற பேச்சும் கூடவே கலைந்தது.

பிறகு ஒசாகா விரிகுடா. அங்கே விமான நிலையம் வேண்டும் என்றபோது, கப்பல் கட்டுபவர்கள் "மிதக்க விடலாம்" என்றார்கள். அரசாங்கம் "மண்ணைக் கொட்டுவோம்" என்றது. கொட்டினார்கள். 1994 செப்டம்பர் 4 அன்று கன்சாய் விமான நிலையம் திறந்தது. கொட்டிய மண்ணின் பாரத்தில் அடியிலிருந்த களிமண் நசுங்கி, தீவு அன்றைக்கே அமிழ்ந்துகொண்டிருந்தது.

தோற்றுப்போன மிதவைக்காரர்கள் மறுபடி எப்படி எழுந்தார்கள் என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். அதற்கான விடை, கன்சாய் திறந்து ஐந்து மாதம்கூட ஆகாத ஒரு விடியற்காலையில் தொடங்குகிறது.

காலை 5.46

1995 ஜனவரி 17. கோபே நகரம் தூங்கிக்கொண்டிருந்தது.

பூமி இருபது விநாடி போல ஆடியது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். கவிழ்ந்து கிடந்த மேம்பாலச் சாலையின் படம்தான் உலகத்துக்கு நினைவிருக்கிறது. நம் கதைக்குத் தேவையான காட்சி அங்கே இல்லை. அது துறைமுகத்தில் இருக்கிறது.

கடலைத் தூர்த்து உருவாக்கிய போர்ட் ஐலண்டில், குலுங்கிய மண் கூழாகிவிட்டது. தரையைப் பிளந்துகொண்டு மணலும் தண்ணீரும் கொப்பளித்தன. கப்பல்கள் அணையும் துறைச் சுவர்கள், பெரிய பெரிய கான்கிரீட் பெட்டிகள், கடல் பக்கமாக நகர்ந்தன. சில இடங்களில் ஐந்து மீட்டர் வரை. உலகின் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்று அன்று காலையோடு முடங்கியது.

ஆனால் தண்ணீரில் மிதப்பவற்றுக்கு நிலநடுக்கத்தின் பக்கவாட்டு ஆட்டம் அவ்வளவாக எட்டுவதில்லை. தண்ணீரைப் பிடித்து உலுக்க முடியாது. அது வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இருபது ஆண்டுகளாக வாதாடி நிரூபிக்க முடியாததை இருபது விநாடி செய்துவிட்டது. இரண்டரை மாதம் கழித்து, ஏப்ரலில், ஜப்பானின் 17 கப்பல் கட்டும் நிறுவனங்களும் இரும்பு ஆலைகளும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக் கூட்டமைப்பைத் தொடங்கின. போக்குவரத்து அமைச்சகம் பின்னால் நின்றது. பெயர்: மெகா ஃப்ளோட்.

இங்கே கொஞ்சம் நேர்மையாகப் பேசிவிடலாம். நிலநடுக்கத்தைப் பார்த்து இரண்டரை மாதத்தில் யாரும் இப்படி ஒரு கூட்டமைப்பைக் கட்டிவிட முடியாது. திட்டம் ஏற்கெனவே வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அதை வளர்த்தது பசி. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ராட்சத டேங்கர்களுக்கான ஆர்டர் வற்றியது. பெரிய உலர்துறைகள் காற்று வாங்கின. கொரியாக்காரர்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். இந்த நிலையில், விமான நிலையத்தை ஒரு கப்பல் மாதிரி கட்டிக்கொடுக்க முடிந்தால்?

டேங்கரைப் போல முன்னூறு மீட்டரோடு முடிகிற வேலை இல்லை அது. ஐந்து கிலோமீட்டர் வரை நீளக்கூடிய வேலை.

கட்டையும் பாயும்

அந்த ஐந்து கிலோமீட்டரில்தான் சிக்கல்.

குளத்தில் ஒரு மரக்கட்டையைப் போடுங்கள். அலை வந்தால் கட்டை முழுசாக ஏறும், முழுசாக இறங்கும், ஒரு பக்கம் சாயும். வளையாது. கப்பல் இந்தச் சாதி. நீளத்தில் பத்தில் ஒரு பங்கோ பன்னிரண்டில் ஒரு பங்கோ உயரம் இருக்கும். நடுவில் அலை முகடு வந்தால் இரு முனையும் தொங்கப் பார்க்கும். முனைகளில் முகடு வந்தால் நடு தொங்கப் பார்க்கும். இந்த இரண்டையும் தாங்கும்படி முதுகெலும்பை அமைத்தால் கப்பல் பிழைத்தது. நூறாண்டுக்கு மேலாகக் கப்பல் பொறியாளர்கள் போட்டுவரும் கணக்கு இது.

இப்போது ஒரு கோரைப்பாயை விரித்துப் போடுங்கள். அலை பாயின் ஓரத்தில் நுழையும். பாயை முழுசாகத் தூக்காது. பாய்க்குள்ளேயே நெளிந்துகொண்டு, அந்தப் பக்கம் போய் வெளியேறும்.

மெகா ஃப்ளோட் பாய்ச் சாதி. அவர்கள் கட்டப்போகும் பெரிய மாதிரி ஆயிரம் மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம். ஓர் அடி நீள அட்டையை எடுத்துக்கொண்டால், அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த விகிதம். இரும்பால் செய்ததுதான், ஆனாலும் இந்த நீளத்தில் இரும்புக்கும் விறைப்பு கிடையாது.

கப்பல்காரர்களுக்கு இது புது உலகம். அலை கப்பலை என்ன செய்யும் என்பது அவர்கள் பழகிய கேள்வி. இங்கே அலையால் தட்டு வளைகிறது. வளைந்த தட்டு தன் அடியிலுள்ள தண்ணீரைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட தண்ணீர் அலையையே மாற்றுகிறது. இரண்டையும் பிரித்துக் கணக்குப் போட வழியில்லை. சேர்த்தே போட வேண்டும்.

ரேடியோக்காரரின் பனிக்கட்டி

இந்தக் கணக்கின் முதல் படி எங்கே கிடைத்தது தெரியுமா? 1884இல், ஒரு ஜெர்மானியரிடம். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். வானொலி அலைவரிசையை இன்றும் அவர் பெயராலேயே அளக்கிறோம். மின்காந்த அலைகளைப் பிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அவர் ஒரு விநோதமான கேள்வியில் மூழ்கியிருந்தார். தண்ணீரில் மிதக்கும் பெரிய தகடு, பனிப்பாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் ஒரு பாரத்தை வைத்தால் தகடு எந்த வடிவத்தில் வளையும்?

பாரம் வைத்த இடத்தில் கிண்ணம் போல ஒரு பள்ளம் விழும். கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தால் தகடு பழைய மட்டத்தில் இருக்கும். அங்கே இருப்பவருக்கு, நடுவில் யாரோ ஏறி நிற்பது தெரியவே தெரியாது. தகட்டின் விறைப்பும் தண்ணீரின் மிதப்பும் பேரம் பேசி அந்தத் தூரத்தை முடிவு செய்கின்றன. அதோடு ஒரு புதிரையும் சொன்னார் ஹெர்ட்ஸ். தண்ணீரைவிடக் கனமான பொருளால் ஆன தகட்டைக்கூட, நடுவில் சரியாகப் பாரம் ஏற்றிக் கிண்ணமாக வளைத்தால் மிதக்க வைக்கலாம். பாரத்தை எடுத்தால் மூழ்கிவிடும்!

நூற்றுப் பதினொரு ஆண்டு கழித்து, மெகா ஃப்ளோட் பொறியாளர்களின் மேசையில் இருந்தது அதே சமன்பாட்டின் வாரிசுதான். விமானம் இறங்கினால் ஓடுபாதை என்ன ஆகும்? நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் தண்ணீர் ஏறக்குறைய பத்து கிலோ எதிர்த்துத் தள்ளும். 400 டன் ஜம்போ விமானம் வந்து நிற்கிறது. தட்டின் விறைப்பு அந்தப் பாரத்தை ஒரு ஹெக்டேர் பரப்புக்குப் பங்கிடுகிறது என்று வையுங்கள். அமிழ்வது நான்கு சென்டிமீட்டர். விரல் நான்கைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு அகலமோ அதைவிடக் குறைவு. அவ்வளவுதான். விமானம் ஓட ஓட அந்தப் பள்ளமும் அடியிலேயே கூட ஓடும்.

பாரம் பயமில்லை. அலைதான் பயம்.

அலைக்கணக்கில் ஹெர்ட்ஸின் அழகான சூத்திரம் போதாது. தட்டின் அடிப்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரழுத்தம் என்ன என்று கணினி தேட வேண்டும். கட்டம் அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறியதாக இருந்தால்தான் விடை சரியாக வரும். ஐந்து கிலோமீட்டர் தட்டு, ஐம்பது மீட்டர் அலை என்றால் எத்தனை கட்டம்! 1990களின் கணினிகள் திணறின. அன்று கியூஷு பல்கலைக்கழகத்தில் இருந்த கஷிவாகி மசாஷி, கட்டத்துக்குக் கட்டம் உடைத்து உடைத்துப் போடுவதற்குப் பதிலாக அழுத்தத்தை வழவழப்பான வளைவுத் துண்டுகளால் கோக்கும் முறை ஒன்றை 1998இல் வெளியிட்டார். கணினியின் சுமை மளமளவென்று குறைந்தது.

இதே வேளையில், துருவக் கடலில் பனிப்பரப்புக்கு அடியில் அலை எப்படிப் பயணிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடுபாதைக்காரர்களின் கட்டுரையைப் பனிக்காரர்கள் படித்தார்கள். பனிக்காரர்களின் கட்டுரையை ஓடுபாதைக்காரர்கள் படித்தார்கள். முந்தைய அத்தியாயங்களில் சர்ச்சிலுக்காகப் பனிக்கட்டிக் கப்பல் கட்டப் புறப்பட்ட ஜெஃப்ரி பைக்கைப் பார்த்தோமே, அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

வெயில் செய்த வேலை

சோதனைக் களம் யோகோசுகா நகரின் ஒப்பாமா. ஒரு காலத்தில் ஜப்பானியக் கடற்படையின் விமானத்தளம் இருந்த கரை. முதலில் 300 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலத்தில் ஒரு மாதிரி. ஒன்பது துண்டுகளைக் கடலிலேயே கோத்தார்கள். அது ஒத்திகை.

அரங்கேற்றம் 1999இல். இம்முறை ஆறு துண்டுகள், வெவ்வேறு கப்பல் தளங்களில் செய்தவை. இழுவைப் படகுகள் ஒவ்வொன்றாக இழுத்து வந்தன.

இரண்டு துண்டுகளைக் கடலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வெல்டிங் அடிப்பது சொல்வதற்குச் சுலபம். பட்டறையில் இரும்பு அசையாது, வெல்டர் அசைவார். இங்கே எல்லாமே அசையும். அடித்தகடு வேறு தண்ணீருக்குள் இருக்கிறது. இணைப்பு வாயை அடியிலிருந்து அடைத்து, தண்ணீரை வெளியேற்றிவிட்டு, உள்ளே இறங்கித்தான் பற்றவைக்க வேண்டும்.

இதைவிட வம்பு பிடித்தது வெயில்.

மேல்தகடு வெயிலில் காய்கிறது. அடித்தகடு கடலில் குளிர்ந்து கிடக்கிறது. காய்ந்த இரும்பு நீளும். ஆயிரம் மீட்டர் இரும்பு பத்து டிகிரி சூடேறினால் 12 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். மேல்பக்கம் நீண்டு அடிப்பக்கம் நீளாவிட்டால்? வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ள வேண்டியதுதான். ஆனால் இங்கே நடுப்பகுதியைத் தண்ணீரின் மிதப்பும் தட்டின் சொந்த எடையும் மட்டமாகப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. சுருள முடிவது ஓரம் மட்டும்தான். ஓரங்கள் மெல்லக் கீழே குனிகின்றன.

வெல்டிங் அடிக்க வேண்டிய இடமே அந்த ஓரம்தானே! காலையில் எடுத்த அளவு மதியத்துக்குப் பொருந்தாது. ஒரு துண்டு நீளம், ஒன்று குட்டை என்றால் இரண்டும் ஒரே அளவு குனிவதில்லை. மேகம் ஒன்று கடந்துபோனால் கணக்கு மறுபடி மாறும். அலையை வெல்லக் கணினி வந்துவிட்டது. வெயிலோடு தினம் தினம் ஒத்துப்போகத்தான் வேண்டியிருந்தது.

கட்டிப்போடும் விஷயத்தில் சங்கிலியை நம்பவில்லை. சங்கிலி தொய்யும், மிதவை அலையும். ஓடுபாதை அலையக் கூடாது. கடலடியில் ஊன்றிய இரும்புச் சட்டங்களில் ரப்பர் மெத்தைகளைப் பொருத்தி, மிதவையை அவற்றோடு பிணைத்தார்கள். ஓதம் ஏறி இறங்கும்போது மிதவை மேலும் கீழும் வழுக்கிப் போகலாம். பக்கவாட்டில் நகர முடியாது. துறைமுகக்காரர்கள் இந்தச் சட்டத்தை டால்ஃபின் என்கிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று நானும் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

1999 ஆகஸ்டில் கடைசித் துண்டும் சேர்ந்தது. ஆயிரம் மீட்டர் நீளம். அகலம் 60 மீட்டர், ஓரிடத்தில் 121 மீட்டர். உலகின் மிகப்பெரிய மிதக்கும் தீவு என்று கின்னஸ் புத்தகம் எழுதிக்கொண்டது.

சக்கரம் தொட்டது

2000ஆம் ஆண்டு. சிறிய, இரட்டை எஞ்சின் விமானங்கள் வந்து இறங்கின, ஏறின, மறுபடி இறங்கின.

பார்ப்பவருக்கு இதில் பிரமாதம் ஒன்றுமில்லை. ஓடுபாதை, விமானம், டயர் கிறீச்சிடும் சத்தம். பொறியாளர்களின் கண் விமானத்தின் மேல் இல்லை. ஓடுபாதை ஓரத்தில் நின்ற ஒரு கம்பத்தின் மேல் இருந்தது.

இறங்கும் விமானத்துக்கு, மூன்று டிகிரிச் சரிவில் வா என்று வானொலிக் கற்றையால் வழிகாட்டும் ஆண்டெனா அது. தரையில் இருந்தால் பிரச்சினை இல்லை. அது நிற்கும் தட்டே நெளிந்தால்? தட்டு பத்தில் ஒரு டிகிரி சாய்ந்தால் போதும். பத்து கிலோமீட்டர் தொலைவில் வரும் விமானத்துக்கு, கற்றை 17 மீட்டர் மேலேயோ கீழேயோ போய்விடும். ஐந்தாறு மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

அளந்தார்கள். வழிகாட்டி விளக்குகளையும் அளந்தார்கள். நெளிவு அனுமதித்த எல்லைக்குள்ளேயே இருந்தது. டோக்கியோ விரிகுடாவின் உள்மடி அமைதியான தண்ணீர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதே தட்டைப் பசிபிக்கின் நடுவில் போட்டிருந்தால் இந்தத் தொடர் வேறு மாதிரி போயிருக்கும்.

தேர்வு முடிந்தது. பையன் பாஸ். இனி வேலை கிடைக்க வேண்டும்.

ஹனேடா

வேலை காலியாகத்தான் இருந்தது. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்துக்கு நான்காவது ஓடுபாதை தேவை. 2,500 மீட்டர். இடம், தாமா ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். மண்ணைக் கொட்டி மூடினால் ஆற்று நீர் எங்கே போகும்?

மிதவைக்கென்றே அமைந்த இடம் என்று நினைப்பீர்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மூன்று யோசனைகள் மோதின. முழுக்கத் தூண்கள் மேல் பாலம் போல ஓர் ஓடுபாதை. பாதி மண், பாதி பாலம். மூன்றாவது, மிதவை. ஆராய்ந்த குழு 2002இல் தீர்ப்புச் சொன்னது: மூன்றுமே சாத்தியம்.

கட்டமைப்பில் குறை இல்லை என்று நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுக் கனவுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. அப்புறம் எங்கே இடித்தது?

ஒப்பந்த நிபந்தனையில். ஓடுபாதை நூறு ஆண்டு உழைக்க வேண்டும். கட்டுபவரே முப்பது ஆண்டு பராமரிக்கவும் வேண்டும். கப்பலை ஐந்து ஆண்டுக்கு இரண்டு முறையாவது உலர்துறையில் ஏற்றி வயிற்றைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பார்கள். இரண்டரை கிலோமீட்டர் தட்டை எந்த உலர்துறையில் ஏற்றுவது? அடிவயிற்றில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைத் தண்ணீருக்குள்ளேயே பார்த்து, தண்ணீருக்குள்ளேயே சரிசெய்ய வேண்டும். அதுவும் மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது. ஒப்பாமாவில் எதை நிரூபித்தாலும் காலத்தை நிரூபிக்க முடியாது. சில ஆண்டு மிதந்த தட்டை வைத்து நூறாண்டுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?

ஏலம் வந்தபோது கப்பல் கட்டுபவர்கள் விலகிக்கொண்டார்கள். 2005இல் பதினைந்து நிறுவனங்களின் கூட்டு ஒன்று, ‘பாதி மண், பாதி பாலம்’ முறையில் ஒப்பந்தத்தை எடுத்தது.

எனக்கு இதில் இன்னொரு சந்தேகம் உண்டு. 2003, 2004 வாக்கில் சீனாவின் வேகத்தால் உலகமே கப்பல் கேட்டு வரிசையில் நின்றது. இரும்பு விலை ஏறியது. காலியாகக் கிடந்த உலர்துறைகள் நிரம்பி வழிந்தன. பசியில் பிறந்த திட்டம் இது; பந்தி போட்ட நேரத்தில் பசி இல்லை. துருவுக்குப் பயந்து விலகினார்களா, வயிறு நிறைந்ததால் விலகினார்களா? இரண்டும் கலந்துதான் இருக்கும் என்று தோன்றுகிறது.

இரும்புக்காரர்கள் தோற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆற்றுக்கு மேலான பாலப் பகுதியைத் தாங்குபவை 198 இரும்புச் சட்டகங்கள். மிதந்தாலும் நின்றாலும் இரும்பு இரும்புதானே. 2010 அக்டோபர் 21 அன்று அந்த ஓடுபாதை திறந்தது. விமானத்தில் ஹனேடாவில் இறங்கினால் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ஓடுபாதைக்கு அடியில் ஆறு போகும்.

துண்டுகள்

ஒப்பாமாவில் மிதந்த ஆயிரம் மீட்டர் என்ன ஆனது?

2001இல் சோதனைக் காலம் முடிந்ததும் வெட்டினார்கள். அத்தனை பாடுபட்டு வெயிலோடு மல்லுக்கட்டிப் பற்றவைத்ததைத் துண்டு போட்டு, கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு துண்டு ஷிமிசு துறைமுகத்துக்குப் போனது. 136 மீட்டர் நீளம், 46 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். ஓரத்தில் கம்பிவேலி போட்டு, மீன்பிடிப் பூங்கா ஆக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளும் தூண்டிலோடு வந்து உட்கார்ந்தார்கள். ஜம்போ விமானத்தைச் சுமக்கக் கனவு கண்ட இரும்பு, அந்தக் குடும்பங்களைச் சுமந்துகொண்டிருந்தது.

2011 மார்ச் 11. வடகிழக்கில் பூமி ஆடியது, கடல் எழுந்தது. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் தண்ணீருக்குள் போனது.

சில வாரங்களில், பூங்காவின் சொந்தக்காரரான ஷிசுவோகா நகராட்சிக்கு அணுமின் நிறுவனத்திடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது. உங்கள் மீன்பிடி மேடை எங்களுக்கு வேண்டும்.

மேடையின் மேற்பரப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மேல்தகட்டுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே அறை அறையாகத் தடுத்த காலி இடம்தான் தேவைப்பட்டது. உலைகளைக் குளிரவைக்கப் பீய்ச்சிய நீர் கதிர்வீச்சு ஏறிப்போய்த் தேங்கியிருக்கிறது. ஊற்றிவைக்கப் பாத்திரம் இல்லை. பத்தாயிரம் டன் தண்ணீரை அந்த வயிற்றுக்குள் ஊற்ற வேண்டும் என்றார்கள்.

பொறியாளர் ஒருவர் காகிதத்தை எடுத்து 136ஐ 46ஆல் பெருக்கியிருப்பார். 6,256 சதுர மீட்டர். பத்தாயிரம் டன் ஏற்றினால் மேடை இன்னும் 1.6 மீட்டர் அமிழும். ஏற்கெனவே தன் எடைக்கு அமிழ்ந்திருப்பது தனி. மொத்த உயரமே மூன்று மீட்டர்.

வயிற்றில் காற்று இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் வடிவமைத்த தட்டு. அந்த வயிற்றில் தண்ணீரை நிரப்பி, அதுவும் ஒரு சொட்டுக்கூடக் கடலில் கசியக் கூடாத தண்ணீரை நிரப்பி, மிதக்க வைக்க முடியுமா?

(அடுத்த வாரம்)